மாமனாருக்கு ஒரு கயிற்றுக் கட்டில்

சந்தைக்குப் போனால் எதையாவது மறந்துவிட்டு வருவதுதான் ஆம்பளைகளின் வழக்கம். ஒன்றுவிடாமல் வாங்கி வந்து மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

டெல்லி முனிர்காவில் தள்ளுவண்டியில் தோசை சுடுகிறேன். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்பார்களே, நான் ஒதுங்கினேன். மழை விட்டதும் கிளம்பிவிட்டேன். இந்த லட்சணத்தில் என் மாமனார் சர்க்கார் ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவராகப் பெண் கொடுக்கவில்லை, செல்வியே வந்துவிட்டாள். அந்தக் கோபத்தில் என்னோடு பேசவே மாட்டார். மாமியார்தான் நடுவில் போஸ்ட் ஆபீஸ். “மாமா காப்பி குடிச்சாச்சான்னு கேக்குறார்” என்பார். (மாமா கேட்டிருக்கவே மாட்டார். அது எனக்கும் தெரியும்.)

மாமியார் போனதும் போஸ்ட் ஆபீஸ் மூடிவிட்டது. மாமனார் எங்களோடு வந்து இருந்தார். இப்போது யாரோடும் பேச்சில்லை. அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். “அம்மா பின்னாடியே போயிருவாரு போலங்க” என்று செல்வி அடுப்படியில் நின்று அழுவாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தோசை வேணுமா என்று கேட்பேன்.

தலைத்திவசம் முடிந்து பொங்கல் வந்தது. ஒரு வருஷமாகப் பண்டிகை இல்லாத வீடு. அப்பாவைச் சாப்பிட வைத்தே தீருவது என்று செல்வி முடிவு கட்டினாள். மண்பானையில்தான் பொங்கல். கிராமத்து நெய், கிராமத்து வெல்லம். மெத்தை முதுகுக்கு ஆகவில்லை என்று அவர் எப்போதோ முனகியிருந்தார், அதனால் ஒரு கயிற்றுக் கட்டில். விரிக்க அவருக்குப் பிடித்த வெள்ளையில் ஒரு கைத்தறிப் போர்வை. “எல்லாம் கிராமத்துலயே வாங்கணும். கையால செஞ்சதா இருக்கணும்” என்றாள்.

ஹரியானா பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். நெய் விற்ற அம்மாள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நக்கிப் பார்த்துவிட்டு, பெரிய நிபுணன் மாதிரி இன்னொரு சொட்டு கேட்டேன். மூன்றாவது சொட்டுக்கு டப்பாவை மூடிவிட்டார். போர்வைக்காரர் சிவப்பும் நீலமுமாக எடுத்துப் போட்டார். வெள்ளைதான் வேணும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். கட்டில்காரர், படுத்துப் பார்த்து அளவு சொல்லு பையா என்றார். படுத்தேன். கண்ணசந்துவிட்டேன். எழுந்து, அளவு கச்சிதம் என்றேன். (என் உயரம் ஐந்தடி. மாமனார் எங்கள் வாசல்நிலையில் குனிந்து வருகிறவர். தூங்கி எழுந்தவனுக்கு இதெல்லாமா ஞாபகம் வரும்?) கிளம்பும்போது பூஜைக்கு ஒரு கட்டு ஊதுபத்தியும் வாங்கினேன். சொன்னேனே, ஒன்றையும் மறக்கவில்லை.

டெம்போக்காரன் சந்து முனையிலேயே இறக்கிவிட்டான். எங்கள் சந்தில் ஒரு மாடு வந்தால் மனுஷன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கால்கள் மேலே பார்க்கிற மாதிரி கட்டிலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டேன். தோளில் வெள்ளைப் போர்வை. ஒரு கையில் வெல்லம் போட்ட பானை, ஒரு கையில் நெய் டப்பா, சட்டைப் பையில் ஊதுபத்தி. மார்கழிக் குளிர்காற்றில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பால்கடைச் சௌத்ரி ஹூக்காவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். யாருக்கு என்று மெதுவாகக் கேட்டார்.

“சசுர்ஜி கே லியே” என்றேன். மாமனாருக்குத்தானே? பொய்யா சொன்னேன்?

சௌத்ரி கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். முடிவெட்டுகிறவர் கத்தரியோடு வந்து இன்னொரு காலைப் பிடித்தார். மற்ற இரண்டுக்கும் ஆள் வந்தது. ஒருத்தர் பானையை வாங்கி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் கூட்டம் சேர்ந்தது. எவ்வளவு தங்கமான ஜனங்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். தையல்காரர் என்னை இழுத்து அணைத்து, அடக்கி வைக்காதே, அழுதுவிடு என்றார். கட்டிலுக்கு விலை அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

செல்வி கதவைத் திறந்தாள். டெல்லியில் பிறந்தவள். கவிழ்த்த கட்டிலைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்தப் பக்கத்தில் அதற்குச் சாவு என்று அர்த்தம். கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள், அப்பா உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்க.

உட்கார்ந்திருந்தவர் எழுந்து, குனிந்து, வாசலுக்கே வந்தார்.

மாமனார் பானையைப் பார்த்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். நெய், ஊதுபத்தி, கட்டில், அதற்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கிற ஊர். வாங்கினதையெல்லாம் மொத்தமாக நானும் அப்போதுதான் பார்த்தேன். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். டெல்லியில் அதற்கும் இடமில்லை.

அவர் கட்டிலைத் தானே நிமிர்த்திப் போட்டார். மெதுவாகப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே பாதிக் கால் வெளியே தொங்கியது. வானத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“மாப்ளே, நீளம் பத்தாது.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் என்ன சொன்னார் என்று சௌத்ரி கேட்டார். செல்வி அழுதுகொண்டே இந்தியில் சொன்னாள். முதலில் சிரித்தது முடிவெட்டுகிறவர். மறுநாள் அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டில்தான் பொங்கல். மாமனார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கட்டிலை மாற்றித் தருகிறேன் என்றால் விடமாட்டார். வெளியே தொங்குகிற காலுக்குக் கம்பளி சாக்ஸ் போட்டு, ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் அதிலேயே தூங்கினார். நான் பையை எடுத்தால் போதும், “இந்தத் தடவ யாருக்கு மாப்ளே?” என்பார்.

போன குளிரில் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. சௌத்ரியிடம் போய்ச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் நிஜம்தானா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார், “பையா, பக்கா?”

தலையாட்டினேன். அதே ஆட்கள்தான் வந்தார்கள். யாருக்கும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது பையை எடுத்தால் செல்வி கேட்கிறாள், “இந்தத் தடவ யாருக்குங்க?” சிரிக்கிறோம். கட்டில் இன்னும் இருக்கிறது. நான்தான் படுக்கிறேன். எனக்கு அளவு கச்சிதம்.