கிளி ஒட்டிய பிரிட்ஜ்

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா ரேவதி, அந்த மூலை வீட்டுக்காரி இரவல் நெக்லஸைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாளே, நெக்லஸுக்குச் சொந்தக்காரியே பந்தியில் அவளுக்கு எதிர் இலையில் வந்து உட்கார்ந்தாளாம். நீ சிரி. நான் சிரிக்க மாட்டேன். அதற்கு எனக்குத் தகுதி இல்லை. அவளாவது கழுத்துக்கு ஒரு நெக்லஸ்தான் இரவல் வாங்கினாள். நான் ஒரு வீட்டையே இரவலாக நிரப்பிவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவள்.

நீ இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. அப்போது திருக்கழுக்குன்றத்தில் இருந்தோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. என் வீட்டுக்காரர் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். பாதி வேலை கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்துதான் வரும். அங்கே கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும். (ஊருக்கெல்லாம் கடலு மீனு குடுத்துச்சு, எங்குளுக்குத் துருவக் குடுத்துச்சு.)

ரிப்பேர்காரர் வீட்டில் எல்லா மெஷினும் இருக்கும் என்று நினைப்பாய். ஒன்றும் இருக்காது. எங்கள் மிக்ஸியின் மோட்டார் யாரோ ஒரு வாடிக்கைக்காரர் மிக்ஸிக்குள் குடிபோய்விட்டது. டேபிள் ஃபேனுக்கு இறக்கை மட்டும்தான் மிச்சம். ஆனாலும் நான் எதற்கும் ஏங்கியதில்லை. ரிப்பேர் முடிந்த சாமானை உடனே கொடுத்துவிட முடியாது. ரெண்டு நாளாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா ஓடுகிற கிரைண்டரில் நம் மாவை ஆட்டினால் என்ன கெட்டுப்போகும்? இப்படி ஊரார் மிக்ஸியில் சட்னி அரைத்து, ஊரார் பெட்டியில் துணி தேய்த்து மகாராணி மாதிரி இருந்தேன். (நா கைநாட்டுதான். ஆனா எந்த மெசினு யார் வூட்டுதுன்னு மனப்பாடம்.)

என் பெண் கோமதிக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த சமயம் அது. ரெண்டு இடத்தார் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், அப்புறம் பேச்சே இல்லை. தரகர்தான் உடைத்துச் சொன்னார்.

"பொண்ணு நல்லாத்தான் கீதுன்றாங்கோ. வூட்லதான் ஒரு சாமானும் இல்லியாம்."

அது எனக்கு நெஞ்சில் தைத்துவிட்டது. மூன்றாவதாகச் செங்கல்பட்டில் இருந்து ஒரு இடம் வந்தது, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக. பையன் பேர் சேகர், கம்பெனியில் உத்தியோகம். கோமதி அவன் போட்டோவை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதை நானே பார்த்தேன். இந்த இடமும் கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்த வாரம் கடையில் ஒரு பிரிட்ஜ் சரியாகி நின்றது. வெளிர் நீலம். கதவில் துரு தெரியாமல் இருக்க ஒரு பச்சைக் கிளிப் படம் ஒட்டியிருக்கும். கல்பாக்கத்தில் ஒரு டீச்சரம்மாவுடையது. அந்தம்மாவை நாங்கள் பார்த்ததில்லை, அவர் வீட்டுக்காரர்தான் டெம்போவில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

"இன்னாங்க, வெள்ளிக்கெழம வரிக்கும் இது நம்ம கூடத்துல நிக்கட்டுமே" என்றேன்.

"அடிப்பாவி, அந்தம்மா தெனம் போன் பண்ணுது."

"கம்ப்ரசரு மெட்ராஸ்லேந்து வர்லன்னு சொல்லு."

"வாய் உன்னுது. நீயே சொல்லு."

சொன்னேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு மறுபடி போன் வந்தபோது, "கம்ப்ரசரு ரயில்ல வந்துகினு கீதும்மா" என்று பணிவாகச் சொன்னேன். பிரிட்ஜோ எங்கள் கூடத்தில் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பின்பக்கச் சந்து வழியாக அவர்களை அழைத்தோம். கூடத்தில் கலர் டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர், கிளி பிரிட்ஜ். நடக்கத்தான் இடமில்லை. மாப்பிள்ளை பளபளவென்று புது பைக்கில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் பைக்கைப் பார்த்து மயங்கி, மாப்பிள்ளையை வரவேற்க மறந்துவிட்டார். பின்னாலேயே ஆட்டோவில் மாப்பிள்ளையின் அம்மா. கூட மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"இவுங்க பையனுக்கு அத்தை. கல்பாக்கத்துல டீச்சரு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

கல்பாக்கம் என்றது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அங்கே டீச்சர்களுக்கா பஞ்சம்?

பிரிட்ஜைத் திறந்து கலர் சோடா பாட்டில்களை எடுத்து வந்து நீட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஜில்லுன்னு குடிங்க. வாங்கி மூணு வருசமாச்சு, ஒருநா மக்கர் பண்ணது கெடையாது" என்றேன்.

அத்தை குடிக்கவில்லை. எழுந்து போய்க் கிளியைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கிளி எங்க வாங்குனீங்க?"

"கம்பெனிலியே ஒட்டிக் குட்த்தாங்கம்மா."

"அப்படியா. எங்க பிரிட்ஜுல இருக்கிற கிளிக்கு என் பொண்ணு பேனாவால வாலை நீட்டி வரைஞ்சா. உங்க கம்பெனிக்காரனும் அதே மாதிரி வரைஞ்சிருக்கானே."

என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "மேடம், கம்ப்ரசரு இன்னிக்குக் காலீலதான் வந்துது. இப்பதான் மாட்டி ஓடவுட்டுப் பாத்துகினு கீறேன்."

அத்தை மேலே இருந்த சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே செங்கல் கனத்துக்கு ஐஸ் ஏறியிருந்தது.

"காலைல வந்த கம்ப்ரசர் அதுக்குள்ள இவ்வளவு ஐஸ் கட்டிடுச்சா?"

"கதவு ரப்பர் கொஞ்சம் லீக்கு மேடம், அதான்" என்றார் இவர். (மானம் போற நேரத்துலயும் தொழில வுட்டுக் குடுக்க மாட்டாரு மனுசன்.)

"அம்மா, உக்காருங்க, நா சொல்றேன்" என்று நான் நடுவில் புகுந்தேன். அத்தை கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இந்தக் குரல். ரயில்ல வருதுன்னு சொன்னது நீங்கதானா."

வாஷிங் மெஷினுக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. அதுவும் அடுத்தவர் மெஷின்.

"இப்பவே காலி பண்ணி டெம்போல ஏத்துங்க" என்றார் அத்தை. அத்தனை பேர் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தேன். தோசை மாவுக் குண்டான். பால். கோமதி தலைக்கு வைத்தது போக மிச்ச மல்லிகைப் பூ. கடைசியாக, மறுநாள் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த நெத்திலி. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சேகரு, கெளம்பு" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா.

"தப்பு என் மேலதாங்க. பொண்ணு ஒண்ணும் அறியாது" என்று அவர் கையைப் பிடித்தேன். என் கையில் நெத்திலி வாசனை. அவர் கையை உருவிக்கொண்டார்.

அப்போது கடைப்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு கோமதி வந்தாள். கூப்பிடுகிற வரைக்கும் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"டிவியும் எங்குளுது இல்லீங்க" என்றாள். "வாஷிங் மெசினு பேங்க் சார் வூட்டுது. கிரைண்டரு ஓட்டல்காரருது. நா கட்டிகினு கீற பொடவ மட்டும் என்னுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜாக்கெட்டு சித்தியுது" என்றாள்.

மாப்பிள்ளைக்குக் குடித்த கலர் மூக்கில் ஏறி இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு அவர் அம்மாவைப் பார்த்தார்.

"நா வந்த பைக்கு கூட என்னுது இல்லியேம்மா. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரருது. சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும்."

"டேய்" என்றார் அவர் அம்மா.

அத்தை கோமதியையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல பொருத்தம்தான்" என்றார். "மொதல்ல என் பிரிட்ஜை ஏத்துங்க. மத்தத அப்புறம் பேசலாம்."

ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், ஒரு பக்கம் மாப்பிள்ளை, தூக்கிக்கொண்டு போனார்கள். கோமதி வாசற்படியில் நின்று, "பாத்து, படி கீது" என்றாள். பெண் பார்த்த அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கல்யாணம் நடந்தது. ஆனால் சீர் சாமான் எல்லாம் டேப் பிரிக்காத அட்டைப் பெட்டியோடு மண்டபத்துக்கு வர வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சபை நடுவே ஒவ்வொரு பெட்டியாக வெட்டினார். மிக்ஸி ஜாரை முகர்ந்துகூடப் பார்த்தார். கல்யாண ஆல்பத்தில் என்னைத் தேடாதே. தூணுக்குப் பக்கத்தில் ஒரு அரக்குப் புடவைக் கரை தெரியும், அதுதான் நான்.

இப்போது எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு பிரிட்ஜ் இருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். அதன் பில்லை என் வீட்டுக்காரர் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். அத்தை வந்தால் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவார். மருமகன் வீட்டுக்கு வர நேரமானால் கோமதிக்குப் போன் பண்ணி, "ரயில்ல வந்துகினு கீறேன்" என்பாராம். வருவது பஸ்ஸில். முந்தாநாள் பேத்திக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோனேன். வாங்குவதற்கு முன்னால் அந்தப் பொடிசு டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "ஆயா, இது யாரோட்து?" என்கிறது. வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்...

இரு இரு, குழாயில் தண்ணீர் விட்டுவிட்டான் பார். எழுந்திரு, அப்புறம் நின்றுவிடும். ஏண்டி, இந்தப் பச்சைக் குடம் உன்னுடையதா என்னுடையதா? நீயே எடுத்துக் கொடு. நான் தொட மாட்டேன்.