அரிசிமா மீசைக்காரன்

நல்லெண்ணெய்ப் போத்தலில் அந்த மீசைக்காரனைக் கண்டதும் ஜனார்த்தனனுக்குத் தோசை இறங்கவில்லை.

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தேகமேயில்லை, அவனேதான். போன மாதம் அரிசிமாப் பைக்கற்றில் நின்றவன். பிறகு சைக்கிள் கடை விளம்பரப் போட்டில் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இப்போது எள்ளுத் தோட்டத்துக்கு நடுவில் நின்று சிரிக்கிறான். அதே சுருட்டை முடி, அதே கன்னக்குழி. மூக்குக்குக் கீழே கறுப்புப் பூனை படுத்திருப்பது போல அதே அடர்த்தியான மீசை.

ஜனார்த்தனனுக்கும் மீசை இருந்தது. யானை புகுந்துபோன சோளத் தோட்டம் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

“தர்மி, ஆர் இவன்?”

மனைவி தர்மிளா அடுப்படியிலிருந்து திரும்பினாள். கிளிநொச்சி ரவுணில் ஹமீட் நானா நடத்தும் அச்சகத்துக்கு விளம்பரப் படம் கீறிக் கொடுப்பது அவள் வேலை. வட்டக்கச்சி வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, அங்கேயே இருந்து கீறி, கம்பியூட்டரில் அனுப்பிவிடுவாள்.

“சிரிச்ச முகமாய் ஒரு ஆம்பிளையைப் போடச் சொல்லி எண்ணெய்க்காரர் கேட்டவர்.”

“அது விளங்குது. ஆளை ஆரெண்டு கேக்கிறன்.”

“கண்டுபிடியுங்கோவன் பாப்பம்,” என்று சொல்லி அவள் சிரித்தாள். ஜனார்த்தனன் போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு யாராவது கீறியிருந்தால் கற்பனை என்று விட்டிருப்பான். தர்மிளாவுக்குக் கற்பனையில் கீற வராது. அவள் கீறுவதெல்லாம் கண்ணால் கண்டதுதான். மிளகாய்த்தூள் பைக்கற்றின் சிவப்பு, பக்கத்து வீட்டு வீரம்மாவின் கோயில் சேலையிலிருந்து வந்தது. சவர்க்கார உறையில் ஓடிய அலை, கிணற்று வாளிக்குள் தளம்பிய தண்ணீர். புடவைக்கடைப் பைக்கு அவள் போட்ட பூவேலையைப் பார்த்துக் கொழும்பிலிருந்துகூடப் பாராட்டி எழுதினார்கள். அது, நெல் காயப்போட்ட படங்கின் மேல் ஈரக்காலோடு கோழி நடந்துபோன அடையாளம். ‘என்ர மனுசிக்கு ஒரு வாளியும் கோழியும் காணும்’ என்று ஜனார்த்தனன் பெருமையடித்துத் திரிந்த காலமும் உண்டு.

அப்படியென்றால் இந்த மீசைக்காரனும் எங்கேயோ நடமாடத்தானே வேண்டும்?

கை கழுவும்போது மறுபடி கேட்டான்.

“உள்ளூர் ஆளோ?”

“ஓம்.”

“எனக்குத் தெரிஞ்ச ஆளோ?”

“நீங்களும் ஒவ்வொரு நாளும் பாக்கிற ஆள்தான்,” என்றாள் தர்மிளா. பிறகு கொஞ்சம் பொறுத்து, “பாக்கிறனீங்களோ என்னவோ,” என்றாள்.

அன்று முழுவதும் ஜனார்த்தனன் முகங்களைத்தான் பார்த்தான். அவன் வேலை செய்தது பொன்னையாவின் பசளைக் கடையில். பொன்னையாவுக்குத் தலையில் மயிரே இல்லை; அவரை விட்டுவிடலாம். தபால்காரருக்குச் சுருட்டை முடி இருந்தது, ஆனால் பல் இல்லை. உழவு மெசின் ஓட்டுபவனுக்குக் குழி இருந்தது, ஆனால் அது அம்மைத் தழும்பு. இந்த ஆராய்ச்சியில் கத்தரிச் செடிக்கு மருந்து கேட்டு வந்தவரிடம் எலிப் பாஷாணத்தை நீட்டிவிட்டான்.

“என்ன தம்பி, கத்தரியைக் கொல்லவோ வந்தனான்?” என்றார் அவர்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது ஒழுங்கைக்குள் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. தர்மிளா தலையைக் கோதிக்கொண்டு படலையடிக்குப் போனாள். ஓட்டோவிலிருந்து பாண்காரச் சுமன் எட்டிப் பார்த்தான்.

சுருட்டை முடி. சிரித்தால் கன்னக்குழி. ஒவ்வொரு நாளும் வருபவன்.

ஜனார்த்தனன் சைக்கிளை அப்படியே வேலியில் சாய்த்துவிட்டுப் பார்த்தான். ஒரு றாத்தல் பாண் வாங்க இவ்வளவு நேரம் எதற்கு? மீன் வைத்த மாலுபணிஸ் எதற்கு? அதுவும் அவள் மரக்கறிச் சாப்பாட்டுக்காரி!

அடுத்த நாள் அவனே படலையடியில் காத்து நின்றான். ஒரு கையில் நல்லெண்ணெய்ப் போத்தல்.

“இஞ்ச பாரும், சுமன். இது நீர்தானே?”

சுமன் போத்தலை வாங்கிப் பார்த்தான். அதுவரை அப்படியொரு நினைப்பே அவனுக்கு வந்ததில்லை. தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். ஓட்டோவின் கண்ணாடியில் குனிந்து பார்த்தான். மெதுவாக முகம் மலர்ந்தது.

“அட, ஓம் அண்ணை! நான்தான்! அக்காவோ கீறினவா? என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

“மீசை எங்க?” என்றான் ஜனார்த்தனன் கடுமையாக.

“வளர்த்தால் வரும்தானே அண்ணை!”

வளர்த்தான். அவனுக்கு வந்தது என்பதுதான் ஜனார்த்தனனுக்குத் தாங்க முடியாத கவலை. அந்தக் கிழமை முடிவதற்குள் ஓட்டோவின் முன்பக்கத்தில் அரிசிமாப் பைக்கற்றிலிருந்து வெட்டிய படம் ஒட்டப்பட்டிருந்தது. பாண் வாங்காத வீடுகளிலும் பெண்கள் படலைக்கு வந்தார்கள். விளம்பரத்தில் வருகிற சுமன் என்று ஊருக்குள் பெயராகிவிட்டது. பசளை வாங்க வந்தவர்கள் மூட்டையைத் தூக்க முன்னர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தூக்கினார்கள்.

“உம்மட மனுசி எங்கட பாண்காரனைப் பாத்துத்தான் கீறுறவவாம், உண்மையோ?”

“ஆர் சொன்னது?”

“நீர்தான் சொன்னதெண்டு சுமன் சொல்லுறான்.”

ஜனார்த்தனன் அன்றைக்கே ஓட்டோவை மறித்தான். “இனி இந்த ஒழுங்கைக்குள்ள உம்மட ஓட்டோ வரக்கூடாது.”

“ஏன் அண்ணை, பாண் புளிச்சதோ?”

“ஓம். சரியான புளிப்பு.”

சுமன் தொழில் மானம் உள்ளவன். கண் கலங்க ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான். அடுத்த நாள் காலையில் வீரம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. விடியவே கச்சான் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். இரண்டு துண்டுப் பாணைச் சம்பலோடு சுற்றிக்கொண்டு போனால்தான் அவளுக்கு நாள் ஓடும்.

“ஏன் தம்பி, பாண்காரன நீங்கதான் வரவேணாமுன்னு சொன்னீங்களாமே?”

“அவன்ர பாண் சரியில்லை அக்கா.”

“அத நாங்கல்ல சொல்லணும்? எங்க வாயி, எங்க பாணு. இன்னைக்கு நான் என்னத்தத் தின்னுட்டுப் போறது, உங்க பசளையவா?”

அவளுக்குப் பின்னால் ஒழுங்கையே நின்றது. அன்றிலிருந்து ஜனார்த்தனன் வேலை முடிந்ததும் சந்திக்குப் போய், அத்தனை வீட்டுக்கும் பாண் வாங்கிச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டு மிதிக்க வேண்டியதாயிற்று. தூரத்தில் அவன் வருவதைக் கண்டால் சின்னப் பிள்ளைகள் பாண் ஓட்டோப் பாட்டை வாயால் பாடினார்கள்.

கதை தர்மிளாவின் காதுக்கு வர நாளெடுக்கவில்லை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கீறிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

“சுமனோ? நீங்கள் இவ்வளவு நாளும் சுமனெண்டோ நினைச்சனீங்கள்?”

“அப்ப ஆர்?”

“இத்தனை வருசமா ஒரே வீட்டில இருக்கிறம்,” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. “இனிக் கேக்காதேங்கோ. நான் சொல்லவும் மாட்டன்.”

சுமன் இல்லையென்றால் இன்னொருவன். முகம் தெரிந்த எதிரியைவிட இது மோசம். பிறகு தர்மிளா அவனுக்குச் சாப்பாடு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள்; கதை மட்டும் இல்லை. அந்த மௌனம் வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக வந்து கதிரை போட்டு இருந்தது. அதற்கும் மீசை இருப்பதாகவே அவனுக்குப் பட்டது.

இதற்கு ஒரே வழி, அந்த இடத்தில் தான் ஏறி நிற்பது என்று ஜனார்த்தனன் முடிவெடுத்தான். சலவைச் சேட்டைப் போட்டுக்கொண்டு அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து இருந்தான்.

“என்னைக் கீறும்.”

“உங்களையோ?”

“ஏன், நான் ஆம்பிளை இல்லையோ? ஹமீட் நானாட்டக் குடும். அடுத்த விளம்பரத்துக்கு என்ர முகம் வரவேணும்.”

தர்மிளா பென்சிலை எடுத்தாள்.

“சிரியுங்கோ,” என்றாள் இரண்டு தடவை.

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் மேசையில் கிடந்த அரிசிமாப் பைக்கற்றிலிருந்து மீசைக்காரன் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டால் வருகிற சிரிப்பும் பாதி வழியில் திரும்பிவிடுகிறது.

சில நாட்களில் ஹமீட் நானாவே தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, முகமெண்டா அது முகம்! மருந்துக்கடைக்காரர் இப்பிடி ஒரு முகத்தைத்தான் மாசக்கணக்காத் தேடினவர். உங்கட சந்தியிலயே பெரிசாப் போட்டிருக்கிறம், போய்ப் பாருங்க!”

ஜனார்த்தனன் சைக்கிளில் பறந்தான். அரிசி ஆலை மதிலில், அரிசிமா விளம்பரத்தில் நின்ற மீசைக்காரனுக்குப் பக்கத்திலேயே, ஆளுயரத்துக்கு அவன் நின்றான். புருவம் சுருங்கி, வாய் கோணி, கண் இரண்டும் பக்கத்து வீட்டில் தீப்பிடிக்காதா என்று பார்க்கிறவன் கண் மாதிரி. கீழே சிவப்பு எழுத்தில்:

‘வயிற்றெரிச்சலா? இனிக் கவலை வேண்டாம்! ஒரு கரண்டி போதும்.’

வீட்டுக்கு வந்து கத்தினான். “என்ன கீறி வைச்சிருக்கிறீர்?”

“கண்ணில கண்டதைத்தான்,” என்றாள் தர்மிளா.

அதற்குப் பிறகு வட்டக்கச்சியில் அவனுக்குத் தலை காட்ட முடியவில்லை. “எரிச்சல் இப்ப எப்பிடி?” என்று பொன்னையா ஒவ்வொரு நாளும் அக்கறையாக விசாரித்தார். மாடு மேய்க்கிறவர்கள்கூடக் கரண்டியைப் பற்றிக் கேட்டார்கள். ஆனால் அவனைக் கொன்றது அதுவல்ல. இரண்டு போட்டும் அருகருகே இருந்ததால், அந்தப் பக்கத்தில் நின்ற மீசைக்காரன் இந்தப் பக்கத்தில் நின்ற ஜனார்த்தனனைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. மழையிலும் வெயிலிலும் ஓய்வில்லாமல் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆலை பூட்டு. வெயிலுக்குப் பயந்து சந்தியில் நாய்கூட இல்லை. ஜனார்த்தனன் ஒரு பெயின்ற் பேணியோடும், தர்மிளாவின் மேசையிலிருந்து எடுத்த தூரிகையோடும் மதிலடிக்கு வந்தான்.

முழு முகத்தையும் கறுப்பாக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தான். அப்படிச் செய்தால் ஊர் நேரே தன் வீட்டுக்குத்தான் வரும் என்று பயம். பிறகுதான் யோசனை வந்தது. இவனிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒரு மீசை. அதை எடுத்துவிட்டால் வெறும் சுண்டெலி. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், தர்மிளாவுக்கும் ஆள் மேலுள்ள ஆசை விட்டுப்போகும்.

கதவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையில் மண்ணிறத்தைக் கலந்து கலந்து, கன்னத்தின் நிறம் வரும்வரை குழைத்து வைத்திருந்தான். கல் ஒன்றை உருட்டிப் போட்டு ஏறினான். தன் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக அவன் எதையும் பூசியதில்லை. இடது பக்க முறுக்குப் போயிற்று. வலது பக்க முறுக்குப் போயிற்று. நடுவில் கிடந்த பூனையும் எழும்பிப் போயிற்று.

இறங்கி, பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான்.

சுண்டெலியைக் காணவில்லை. சிரிப்பு முன்னைவிட வடிவாக இருந்தது. கன்னக்குழி இன்னும் ஆழமாகத் தெரிந்தது. பழகிய ஆளைக் கண்டது போல அந்த முகம் அவனை நேரே பார்த்தது. அவனுக்கு ஏனோ வயிற்றுக்குள் இருந்த எரிச்சல் ஒரு நிமிடம் அடங்கினாற்போல இருந்தது. இந்தச் சிரிப்பை எங்கேயோ கண்டிருக்கிறேன் என்று நினைத்தான். எங்கே என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

“என்னா தம்பி, இந்த வேகாத வெயில்ல?”

திடுக்கிட்டுத் திரும்பினான். குடையைப் பிடித்தபடி வீரம்மா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவன் தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“சும்மா, காத்து வாங்க வந்தனான் அக்கா.”

வீரம்மா அவனை நம்பாமல் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள். குடையைச் சரித்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து, கிட்டப் போய் இன்னொரு தடவை பார்த்தாள்.

“அட, இது நம்ம தர்மிளாப் புள்ளயில்ல! பாவம், இம்புட்டு நாளா அதுக்கு மீசைய ஒட்டி வச்சிருந்தது யாரு தம்பி?”