கதிரையில் இருக்கும் பிரெஞ்சு விளக்கு

அம்பிட்டிய, கண்டி.

என் அன்பு மகள் துஷாந்திக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம், முழங்கால் ஓரளவு சுகம். பாரிசில் உன்னையும் மருமகனையும் கட்டுக்கலைப் பிள்ளையார் காக்கட்டும்.

நீ முன்பு பெட்டியில் அனுப்பிய, பொன்முலாம் பூசிய வெண்கலத் தொங்குவிளக்கைப் பற்றியது இக்கடிதம். அது பழைய பிரெஞ்சு வேலைப்பாடு, மிகவும் பெறுமதியானது என்று இப்போது தெரியவந்ததாகவும், அதை எடுத்துப்போக ஆவணியில் நீ வருவதாக இருந்தது மாறி, மருமகனின் தம்பி லவன் வருவதாகவும் சொன்னாய். தொலைபேசியில் "ஓம், ஓம்" என்றுவிட்டேன். பிறகு யோசித்ததில், லவனிடம் கொடுக்க இயலாது என்று படுகிறது. காரணங்களை ஒழுங்காக எழுதுகிறேன், பிழையென்றால் பொறுத்துக்கொள்.

முதலாவது, அது மாட்டப்படவேயில்லை. மின்சார வேலை செய்யும் திவாகரன் அண்ணாந்து பார்த்து, "மாட்டிறலாம் ஐயா. ஆனா வெளக்கோட சேந்து கூரையும் எறங்கிரும்" என்றார். ஆகவே அதைச் சாப்பாட்டு மேசையில் உன் கதிரையில் இருத்தினேன். ஆறு கைகளையும் விரித்தபடி எனக்கு எதிரே இருக்கிறது. கறியில் உப்பில்லை என்று ஒருநாளும் குறை சொன்னதில்லை. போன கிழமை நான் அதனிடம் "ஊறுகாய் வேணுமோ?" என்று கேட்டது, சமைக்க வரும் புஷ்பத்தின் காதில் விழுந்துவிட்டது. "பேசுங்க ஐயா, நல்லா பேசுங்க. அது என்னா, ஃபோன வச்சிட்டுப் போயிருமா?" என்று சொல்லி, அதற்கும் ஒரு கோப்பை வைத்தாள். இரண்டாவது காரணம் இங்கேதான் தொடங்குகிறது. விளக்கில் சிறகு முளைத்த குழந்தைகள் உண்டல்லவா, அவற்றுக்குக் குங்குமம் வைத்தவள், வெள்ளிக்கிழமை சாமியறைக் குத்துவிளக்கைத் துலக்கும்போது, "இந்தப் புள்ளைங்க மட்டும் அழுக்கா கெடக்கணுமா?" என்று புளியும் சாம்பலும் போட்டு இவர்களையும் தேய்த்துவிட்டாள். பொன்னெல்லாம் குழாயடியோடு போய்விட்டது. இப்போது பார்த்தால் பழைய தண்ணீர்க் குழாய் போலிருக்கிறது.

ஆதலால் லவன் மலையேறி வந்து ஏமாற வேண்டாம். நீயும் இதற்காக லீவு எடுத்து அலையாதே. எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

மருமகனுக்கு என் ஆசி. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புள்ள அப்பா,
பரமநாதன்

பி.கு.: எழுதியதைத் திருப்பி வாசித்தேன். புஷ்பம் தேய்த்தது குத்துவிளக்கை மட்டும். அவள் புளியோடு திரும்பியபோது நான் உன் விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் கைகளில் செதுக்கிய ஓர் இலையிலும் பொன் குறையவில்லை. ஆனாலும் நீ வந்தால்தான் கொடுப்பேன். வருவதை முன்கூட்டியே அறிவி. உன் கதிரையை அதனிடமிருந்து வாங்க வேண்டும்.