நெய்யார் ஃபைவின் முதல் கேசட்

கேசட்டை நான்தான் அழித்தேன். இரண்டு பக்கமும். வேண்டுமென்று இல்லை. பதில் சொல்லப் போய் அழிந்தது.

எங்கள் குன்னத்துகால் பக்கம் வளைகுடாவுக்குப் போன பையன்கள் அப்போதெல்லாம் கடிதம் எழுதமாட்டார்கள். கேசட்டில் பேசி அனுப்புவார்கள். கேட்டுவிட்டு அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவோம். புதுக் கேசட்டுக்கு எவன் செலவழிப்பான்?

மகன் ஜெயதாஸ் பஹ்ரைனில் எலெக்ட்ரீசியன். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே இருந்தபோது சர்ச் சபை பேண்டு செட்டில் குழல் ஊதிக்கொண்டு திரிந்தான். கல்யாணத்துக்கு ஊதுவான். சவ அடக்கத்துக்கு ஊதுவான். வேலைக்கு மட்டும் போகமாட்டான். விமானம் ஏறும்போதே சொல்லிவிட்டேன்: "இனி குழலைத் தொட்டா, பத்து செண்டு நெலத்தையும் சபைக்கு எழுதி வச்சிருவேன்." நிலச் சட்டம் வந்து, நிலத்துக்குச் சொந்தக்காரனான ஜன்மியிடம் மல்லுக்கட்டிப் பட்டயம் வாங்கிய பத்து செண்டு. விளையாட்டில்லை.

பஹ்ரைனில் அவனோடு இருக்கும் ராஜையா லீவில் வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தான். என்னிடம் தரவில்லை. என் மனைவி சுகிர்தபாயிடம் தந்தான். சந்தேகம் ஒன்று.

அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஐந்து பேர். ஒருவன் மூக்கு என் மூக்கு. சந்தேகம் இரண்டு.

"எடி, இது நம்ம பயலில்லியா?"

"மூக்கு நீண்டவன் எல்லாம் உங்களுக்கு மவனா? ஊரு என்ன நெனைக்கும்?"

"கையில என்ன?"

"கரண்டு பைப்பாக்கும்."

"வளைஞ்சு கெடக்கு?"

"அங்க உள்ள சூடு அப்படி."

"இங்கிலீசில என்ன எழுதியிருக்கு?"

"விலை."

கேசட்டைப் போட்டாள். பேச்சே இல்லை. தூக்கம் வந்தவன் கொட்டாவி விடுவதுபோல ஒரு குழல். பின்னால் எவனோ முறத்தில் அரிசி புடைக்கிறான். அரை மணி நேரம் காத்திருந்தேன். "அப்பா, சுகமா?" என்று ஒரு வார்த்தை வரவில்லை. திருப்பிப் போட்டாள். அங்கேயும் புடைக்கிறான்.

சுகிர்தபாய் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பய நல்லா இருக்கான்," என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவனுக்க மூச்சு கேக்குல்லா."

மாட்டிக்கொண்டாள். "அப்ப ஊதுதது அவன்!"

"பைப்புல அடைப்பு உண்டுமான்னு ஊதிப் பாத்திருப்பான்."

"ரெண்டு பக்கமுமா?"

"பெரிய கம்பெனியாக்கும்."

மறுநாள் காலையில் மீனுக்கென்று பாறசாலைச் சந்தைக்குப் போய்வந்தாள். மத்தியானம் மாதர் சங்கத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னாள்: "டேப்பைத் தொடப்பிடாது. சிவப்புப் பட்டனை அமுக்கப்பிடாது." பேசுவதற்கு எந்தப் பட்டன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தலை மறைந்ததும் அமுக்கினேன். ஒரு பக்கம் முழுக்கத் திட்டினேன். ஊதாரி, ஊமைக் கள்ளன், கோட்டு போட்ட கொட்டாவி. இரண்டாம் பக்கத்தில் பாதியிலேயே திட்டு தீர்ந்துவிட்டது. நாடா மிச்சம் இருந்தது. வீணாக்க மனமில்லை.

"நேரத்துக்குச் சாப்பிடுதியாலே?" என்றேன். "ரெண்டாவது பாட்டுல மூச்சு நல்லா நின்னுச்சு. பத்து செண்டு ஒனக்குத்தான். சபைக்குன்னு சொன்னது சும்மா. அம்மைகிட்ட சொல்லாதே."

சாயங்காலம் ராஜையா வந்தான்.

"மாமா, கேசட்டை எடுங்க. ஜெயதாசும் கூட்டாளிகளும் சேர்ந்து முதமுதலா போட்டது. நம்ம ஆத்துப் பேரையே வச்சு, நெய்யார் ஃபைவ்னு பேரு. அட்டையிலேயே எழுதியிருக்கே? ஜாஸாக்கும், மெதுவான ஜாஸ். ஓட்டல்ல தினமும் வாசிக்கானுவ. திருவனந்தபுரத்துல ஆயிரம் காப்பி போடணும். இருக்கது இது ஒண்ணுதான். அம்மை முதல்ல கேக்கணும்னு தந்துவிட்டான்."

விலை என்றாளே! பையன்மேல் வந்த கோபம் பாதி வழியில் நின்றது. அவன் பாட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு மணி நேரம் நான் இருக்கிறேன்.

"எலி கடிச்சு..." என்றேன்.

"எலியா?" சுகிர்தபாய் பின்னாலேயே வந்து நின்றாள். "எவ்வளவு நேரம் பேசிச்சு?"

அலமாரியிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்து ராஜையாவிடம் கொடுத்தாள்.

"ஒரிஜினல் இதாக்கும். டேப்புல கெடக்கது காப்பி. காலையில பாறசாலைச் சந்தைக்கு நான் மீனுக்கா போனேன்?"

எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே நின்றது. அவள் டேப்பைக் கொஞ்சம் பின்னால் சுற்றித் தட்டிவிட்டாள். என் குரல் வீடு முழுக்கக் கேட்டது: "பத்து செண்டு ஒனக்குத்தான்..."

"எடி, அதை நிறுத்து!"

"நிறுத்தியாச்சு. ராஜையா, இதைப் பஹ்ரைனுக்குக் கொண்டு போ மக்கா. அப்பன் பதில் சொல்லியாச்சுன்னு சொல்லு."

சாட்சியோடு சொன்ன சொல். என்ன செய்ய? அடுத்த வாரம் பத்திரம் எழுதுகிறவரிடம் போனேன். பத்து செண்டுக்கும் பத்திரம் தயாராக இருந்தது, மகன் பெயரில். கையெழுத்து மட்டும் பாக்கி.

"எப்ப எழுதினீரு?"

"ஒரு மாசமாச்சே."

கேசட் வந்தே பத்து நாள்தான் ஆகிறது.

"யாரு ஓய் எழுதச் சொன்னா?"

அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சுகிர்தபாய்."