மெமரி பத்தவில்லை

2006 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே எங்கள் பட்டாசு கம்பெனி ஆபீசில், மனித குலத்தின் மறதிக்கு நிரந்தரத் தீர்வு காணும் கூட்டம் கூடியது. கலந்துகொண்டவர்கள் இருவர். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி, கணக்குப்பிள்ளையாகிய நான்.

மறந்தது கம்ப்யூட்டர். மறக்கப்பட்டது மாடத்தி.

மாடத்தி ஏழாம் அறையில் வெடிக்கு மருந்து செலுத்துபவள். போன வாரம் மருந்து தீப்பற்றி இடது கை வெந்துவிட்டது. கம்பெனி ஆள்தான் என்று கம்ப்யூட்டரில் எடுத்த தாள் இருந்தால்தான் மேல் வைத்தியம் என்று இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தட்டிப் பார்த்தேன். ஏழாம் அறையில் நாலு பேர் இருந்தார்கள். மாடத்தி இல்லை. பெயரைச் சேர்த்தேன். பெட்டி 'கீக்' என்றது. ஏற்கவில்லை.

லைசென்ஸ்படி அந்த அறைக்கு நாலு பேர். உட்காருவது ஒன்பது பேர். மிச்சம் ஐந்து பேருக்கு எங்கள் ஆபீஸ் மொழியில் 'சீசன் உற்சாகம்' என்று பெயர்.

அண்ணாச்சி நொடியில் நோயைக் கண்டுபிடித்தார். மெமரி பத்தவில்லை. அதை மாடத்தியிடமும் சொல்லி, வாசல் வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார். எங்கள் கம்பெனியில் நிழல் இலவசம்.

சிவகாசிக்குப் போய் மெமரியை அவரே தேர்ந்தெடுத்தார். டிடிஆர் ஒன்று, டிடிஆர் இரண்டு என இரு ரகம் உண்டாம். உங்கள் பெட்டிக்கு எது என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். ஆயிரம் வாலாவைவிட ரெண்டாயிரம் வாலா பெரிது என்பது அண்ணாச்சியின் தொழில் ஞானம். டிடிஆர் இரண்டையே வாங்கினார்.

மாட்டுவதற்கு விருதுநகரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பிரபாகரன் வந்தார். பெட்டியைத் திறந்தார். பார்த்தார். மூடப் போனார்.

"இது சேராது அண்ணாச்சி. மெமரியில ஒரு வெட்டு இருக்கு பாத்தீகளா? ஸ்லாட்டுல ஒரு மேடு இருக்கு. ரெண்டும் நேருக்கு நேர் வரணும். இது பழைய போர்டு. டிடிஆர் ஒண்ணுதான் உக்காரும்."

"அமுக்குனா?"

"ஒடஞ்சிரும்."

அண்ணாச்சி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "நாலு பேரு ரூம்ல ஒம்போது பேர அமுக்கி வச்சிருக்கோம். என்ன ஒடஞ்சு போச்சு?"

வேப்பமரத்தடியில் மாடத்தி, கட்டுப்போட்ட கையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சியே அமுக்கினார். 'டிக்' என்றது. உடைந்தது மெமரி மட்டுமே. கம்பெனியின் கொள்கைக்குக் கீறல் இல்லை.

பிரபாகரன் தன் பையிலிருந்து டிடிஆர் ஒன்று ரக மெமரியை எடுத்தார். பெட்டியில் ஏற்கெனவே இருந்த மெமரியின் வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து மாட்டினார். வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. முன்பெல்லாம் நான் டீ குடித்து முடிக்கும்வரை விழிக்காத பெட்டி, இப்போது டம்ளரை எடுப்பதற்குள் விழித்துக்கொண்டது. மாடத்தி பெயரை அடித்தேன்.

'கீக்.' முன்னைவிட வேகமாக மறுத்தது.

பிரபாகரன் எட்டிப் பார்த்தார். எம்புட்டு மெமரி போட்டாலும் அறைக்கு நாலு பேர்தான் ஏறும், புரோகிராமே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார். யார் எழுதச் சொன்னது என்றும் கேட்டார். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மனம் நோகக்கூடாது என்று அண்ணாச்சிதான் சொல்லியிருந்தார். அந்தப் பெருந்தன்மையை வெளியாளிடம் விளக்கக்கூடாது என்பதால் நான் டீயைக் குடித்தேன்.

அண்ணாச்சி வாசலுக்குப் போனார். குரலைக் கனிய வைத்துக்கொண்டார்.

"என்ன செய்ய மாடத்தி, புது மெமரியும் போட்டாச்சு. கம்ப்யூட்டருக்கு ஒன்ன ஞாபகம் இல்லேங்குது."

மாடத்தி மெல்ல எழுந்து நின்றாள்.

"அது மிஷினு மொதலாளி. ஏற்கெனவே எட்டுப் பேரு இருந்தாகள்ல, அவுகள நகரச் சொல்லி, இங்கன உக்காருன்னு எனக்கு எடம் காட்டுனது நீங்க. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"