தானே வேகும் பானைகள்

இந்த முறை வென்ட்வேர்த்வில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பழைய கிரேக்கத்துப் பாணியில் தான் எழுதும் நகைச்சுவை நாடகம்தான் என்று நித்தியானந்தன் முடிவு கட்டிவிட்டார். ஓய்வுபெற்றவர்களுக்காக நூலகத்தில் நடந்த ஆறு வகுப்புக்குப் போய் வந்த வேகம் அது.

கிரேக்கரின் மேடையில் நடக்காததெல்லாம் நடக்குமாம். முகமூடி போட்ட கூட்டம் ஒன்று ஆடிப் பாடுமாம். நடுவில் கதையை நிறுத்திவிட்டு, சனத்தைப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களைப் பேர் சொல்லியே நக்கலடிக்குமாம். யாரும் கோபிக்கக் கூடாதாம். சங்கத் தலைவர் கல்யாணசுந்தரத்துக்கென்றே அந்த இடத்தில் பன்னிரண்டு வரி தீட்டி வைத்தார்.

கதை இதுதான். ஒரு வீட்டுக் குசினியில் பானை சட்டிக்கெல்லாம் உயிர் வருகிறது. அரிசி தானே குளித்துவிட்டு உலையில் குதிக்கிறது. மீன்குழம்பு சோற்றுக் கோப்பையைத் தேடி நடந்து வருகிறது. இனி வீட்டுக்காரி எதற்கு என்று ஆண்கள் கூத்தாடுகிறார்கள்.

ஒத்திகை தொடங்கிய கிழமைதான் மனைவி இரஞ்சிதம் மகளிடம் போகும் கதையை எடுத்தாள். வேறு மாநிலத்தில், வெரிபீயில் இருக்கும் மகள் வினுஷாவுக்குப் பேறுகாலம். மூன்று மாதம் போய் நிற்க வேண்டும். தேத்தண்ணி போடவும் தெரியாத நித்தியானந்தன் உடனே மறித்தார்.

"நீர் போனா நான் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். ஒரு கிழமை, ஏழே நாள். அதுக்கு மேல கதைக்காதையும்."

இரஞ்சிதம், பானைக் கூட்டத்துக்கு ஆள் காணாதென்றால் தானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டாள். அவர் மனம் குளிர்ந்து, ரைஸ் குக்கர் வேடத்தையும் அந்தப் பன்னிரண்டு வரியையும் அவளுக்கே கொடுத்தார்.

விழாவன்று மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. நடுவில் பானைக் கூட்டம் ஆட்டத்தை நிறுத்தியது. ரைஸ் குக்கர் முன்னால் வந்தது. முன்வரிசையில் தன் பக்கத்திலிருந்த கல்யாணசுந்தரத்தின் முகம் போகும் போக்கைப் பார்க்க நித்தியானந்தன் ஆவலாய்த் திரும்பினார்.

"இதை எழுதினது என்ர மனுசன் நித்தியானந்தன். வீட்டுக்காரி இல்லாமலே வீடு நடக்குமெண்டு ஒரு மாசமா எங்களுக்குப் படிப்பிச்சவர். நாங்களும் நம்பீட்டம். அதால நாளைக்கு நான் வெரிபீக்குப் போறன். மூண்டு மாசம்."

நித்தியானந்தன் மடியிலிருந்த தாளைப் புரட்டினார். தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கல்யாணசுந்தரம் சிரித்துச் சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தன்னையே நக்கலடிக்கிறதுக்கு ஒரு துணிவு வேணும், ஐசே. அந்த இடமும் நீர் எழுதினதுதானே?"

மேடையிலிருந்து இரஞ்சிதம் பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை வரிசையாகச் சனமும் பார்த்தது.

"ஓம்," என்றார் நித்தியானந்தன். "நான்தான் எழுதினனான்."