உப்புத்தண்ணி சாரும் சாப்பிடாத மீனும்

ஒரு மீன் சாப்பிடவில்லை என்பதற்காகத் தானும் பட்டினி கிடந்த மனிதர், ஊரப்பாக்கம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் மாடிவீட்டு உப்புத்தண்ணி சார். பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். ஒண்டியாள். நிஜப் பெயர் என்னவோ, சிலிண்டர் போடுகிறவன்கூட ‘உப்புத்தண்ணி சார்’ என்றுதான் கூப்பிடுவான்.

நானோ கடலோரக் குப்பத்தில் பிறந்து, தாம்பரத்தில் மீன் விற்றே காலத்தை ஓட்டியவன். வஞ்சிரம், சங்கரா, ஒரு மழைநாளில் ஆளுயரத்துக்கு ஒரு கொடுவா... அது கிடக்கட்டும். செதில் உரித்தே பழகினவனுக்கு, மீனுக்குத் தனி அறை கொடுக்கிற ஆளைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

அவர் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. கடல் உப்பைக் கரைத்து ஊற்றின தண்ணீர். முன்பு நிறைய மீன் இருந்ததாம். ஒருமுறை புதிதாக வாங்கின மீனை நேராக உள்ளே விட்டுவிட்டார். அதற்கு வெள்ளைப்புள்ளி நோய். எல்லாம் செத்து, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரே ஒரு மீன் மிஞ்சியது. எப்போதும் ஒரு மூலையிலேயே நிற்கும்.

அன்றிலிருந்து புதிது எதுவானாலும் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார். புது மிக்சி பால்கனியில் கிடந்தது. நான் கீழ்வீட்டுக்குக் குடிவந்தபோது என்னிடமும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒருநாள் இறங்கி வந்தார்.

“அண்ணா, இன்னியோட உங்களுக்கு ஒரு மாசம் முடிஞ்சுது. இனிமே பேசலாம்.”

“நானு இன்னா சார், மீனா?”

“உங்களுக்கு இருமல் இருந்துச்சே.”

அந்த ஒற்றை மீனுக்குத் துணையாக அதே ஜாதியில் ஒரு குட்டி வாங்கி வந்தார். பின்னறையில் அதற்குத் தனித்தொட்டி. மணல் கிடையாது, கல் கிடையாது. ஒளிந்துகொள்ள ஒரு பைப் துண்டு, காற்றுக் குழாய், பெரிய தொட்டியில் முன்பே ஊறப்போட்ட ஒரு ஸ்பான்ஜ். அழுக்கைத் தின்கிற நல்ல கிருமி அதில்தான் இருக்கிறதாம். வலை தனி, மக் தனி. நான் கிட்டே போனால், “மீன் வெட்டின கை அண்ணா, தள்ளியே நில்லுங்க” என்பார்.

குட்டி பைப்புக்குள் போனதுதான், வெளியே வரவில்லை. போட்ட தீனி அப்படியே மிதந்தது. சார் ஸ்டூலை இழுத்துப்போட்டு, கண்ணாடியில் மூக்கு ஒட்ட உட்கார்ந்து, “சாப்பிடும்மா” என்று கெஞ்சினார். தன் தட்டையும் அங்கேயே மூடி வைத்தார்.

“இன்னா சார், மீனும் துன்னல, நீங்களும் துன்னல. ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை?”

“இது போயிடுச்சுன்னா, அது கடைசி வரைக்கும் தனியாவே கிடக்கும் அண்ணா.”



மறுநாள் மீனுக்கு அர்ச்சனை செய்ய சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மர் சன்னதிக்குக் கிளம்பினார்.

“அய்யிரு நட்சத்திரம் கேட்டா இன்னா சொல்லுவீங்க?”

“என்னுதையே சொல்லிடறேன்.”

தண்ணீரில் விரல் படாமல் தீனி போட என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். போட்டுவிட்டு அறை வாசற்படியில் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் குட்டி வெளியே வந்து, அத்தனையும் தின்றுவிட்டு, ஒரு சுற்று சுற்றியது.

பிரசாதத்தோடு திரும்பியவரிடம், “துன்னுடுச்சு சார்!” என்றேன். ஓடிப்போய் கண்ணாடியில் மூக்கை வைத்தார். மீன் சட்டென்று பைப்புக்குள் போய்விட்டது. மூக்கை எடுத்தார். அது எட்டிப் பார்த்தது. மறுபடி வைத்தார். மறைந்தது.

“நான் இருந்தா சாப்பிடாதா, அண்ணா?”

நரசிம்மர் கைவிட்டிருந்தால்கூட அந்த முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

“சின்னப் புள்ள சார், கூச்சப்படுது. வாங்க, படிக்கட்டுல குந்தலாம்.”

அன்றிலிருந்து தீனியைப் போட்டுவிட்டு வந்து படிக்கட்டில் உட்காருவார். தட்டையும் அங்கேயே கொண்டுவந்து சாப்பிட்டார். அவர் மனைவியைப் பற்றிச் சொல்வார், நான் கடலைப் பற்றிச் சொல்வேன். சில நாள் எலெக்ட்ரிக் டிரெயின் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போம்.

குட்டிக்கு நோய் எதுவும் வரவில்லை. கெடு முடிந்து பெரிய தொட்டிக்குப் போனது. பழைய மீன் இரண்டு நாள் துரத்திவிட்டு, பிறகு தன் மூலையில் அதற்கும் இடம் கொடுத்தது. இப்போது யார் போனாலும் இரண்டும் கண்ணாடிக்கு ஓடிவந்து தீனி கேட்கின்றன. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனாலும் சாயந்திரமானால் தீனியைப் போட்டுவிட்டு உடனே இறங்கி வந்துவிடுகிறார்.

“நான் இருந்தா சாப்பிடாது அண்ணா.”

“ஆமா சார், இன்னும் கூச்சம் போவல. குந்துங்க” என்று நகர்ந்து இடம் விடுகிறேன்.